புதர் மண்டிய மேய்ச்சல் நிலம்: ரோட்டரி ஸ்லாஷரா, ஃபிளெய்ல் மோவரா, கட்டர் பாரா?

பசும்புல் கேட்டது:

வணக்கம். எட்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம். ஐந்து வருடமாக மாடும் இறங்கவில்லை, கத்தியும் படவில்லை. ஐந்து ஏக்கரில் இடுப்பளவு புல். அடியில் பழைய புல் மெத்தை மாதிரி படிந்து கிடக்கிறது. மீதி மூன்று ஏக்கரில் முள்செடியும் மரக்கன்றும் கலந்து நிற்கின்றன. பெரும்பாலும் கட்டைவிரல் பருமன், சில மணிக்கட்டு பருமன். கல் ஆங்காங்கே உண்டு. ஓர் ஓரத்தில் பழைய கம்பிவேலி சாய்ந்து புல்லுக்குள் போய்விட்டது. லேசான மேடு பள்ளம், பெரிய சரிவு எதுவும் இல்லை.

டிராக்டர் 42 ஹெச்.பி., பிடிஓவில் (பின்னால் மாட்டும் மிஷினைச் சுழற்றும் தண்டு) 36. கிளட்ச் ஒரே மிதிதான், மிதித்தால் வண்டியும் பிடிஓவும் சேர்ந்தே விடுபடும்.

ரோட்டரி ஸ்லாஷர், ஃபிளெய்ல் மோவர், கட்டர் பார், ஃபினிஷிங் மோவர் என்று நாலும் சொல்கிறார்கள். ஒரே ஒரு மிஷின்தான் வாங்க முடியும். முதல் முறை வெட்டித் திறக்கவும், பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பராமரிக்கவும் எது சரி? அகலம் எத்தனை அடி?

---

கலப்பைக்காரர் பதில்:

உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு வேலை இருக்கிறது. திறப்பது ஒன்று, பராமரிப்பது வேறொன்று. நாலு மிஷினில் எதுவும் இரண்டையும் முதல் தரமாகச் செய்யாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கடினமான வேலையைத் தாங்குவதை வாங்கி, எளிதான வேலையில் கொஞ்சம் அழகு குறைந்தால் குறையட்டும் என்று விட வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுக்கு ரோட்டரி ஸ்லாஷர்.

காரணம் அதன் வெட்டும் முறை. நடுவில் ஒரு கியர்பாக்ஸ், கீழே கனமான வட்டத்தட்டு, அதன் இரு முனையிலும் போல்ட்டில் தொங்கும் பிளேடு. பிளேடு இறுக்கிப் பூட்டியதல்ல, சுழலும் வேகத்தில் விறைத்து நிற்பது. கல்லிலோ கட்டையிலோ பட்டால் பின்னால் மடங்கி, தாண்டியதும் மறுபடி விறைத்துக்கொள்ளும். தட்டின் அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி வளைந்திருப்பதால் குட்டையான கட்டைமேல் சறுக்கி ஏறி இறங்கிவிடும். வெட்டு என்பதைவிட அடி என்று சொல்வதே பொருத்தம். 5 அடி ஸ்லாஷரில் கியர் விகிதத்தைப் பொறுத்து பிளேடு முனை நொடிக்கு 60 முதல் 80 மீட்டர் வரை ஓடும். அதனால் முனை சவரக்கத்தி மாதிரி இருக்கத் தேவையில்லை, இருக்கவும் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் மழுங்கலாக விட்டுத்தான் தீட்ட வேண்டும். மெல்லிய முனை முதல் கல்லிலேயே சிப்பு சிப்பாகப் போய்விடும்.

ஸ்லாஷரிலும் தரம் உண்டு. இலகு ரகம் ஓர் அங்குலக் குச்சி வரை, நடுத்தரம் இரண்டு அங்குலம் வரை, கனரகம் மூன்று அங்குலமும் அதற்கு மேலும். உங்களுடையதற்கு நடுத்தரம் போதும். மணிக்கட்டு பருமனைத் தாண்டியதை முன்கூட்டியே ரம்பத்தால் தரையோடு அறுத்துவிடுங்கள். அதை ஸ்லாஷரால் அடித்துச் சாய்க்க முடியும்தான். ஆனால் மிஞ்சும் அடிக்கட்டை பிளந்து ஈட்டி மாதிரி நிற்கும். அடுத்த முறை புல்லுக்குள் அது தெரியாது, டிராக்டர் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு நம்பகமான ஒட்டு கிடையாது.

மற்ற மூன்றில் ஃபினிஷிங் மோவரை இப்போதே மறந்துவிடுங்கள். மூன்று ஸ்பிண்டிலில் (சுழல்தண்டு) மூன்று பிளேடு பூட்டி, பெல்ட்டில் ஓடுவது அது. கணுக்கால் உயரப் புல்லை வழவழவென்று வெட்டத்தான் செய்திருக்கிறார்கள். இடுப்புப் புல்லில் பெல்ட் கருகும், ஒரு கட்டை தட்டினால் ஸ்பிண்டில் வளையும்.

அகலம் 5 அடி. இலகு ரகத்துக்கு அடிக்கு 5 ஹெச்.பி. என்று ஒரு கணக்கு புழங்குகிறது. அது புல்லுக்குத்தான். குச்சியும் பழைய புல் மெத்தையும் சேர்ந்தால் அடிக்கு 7 என்று வையுங்கள். 5 அடிக்கு 35, உங்கள் பிடிஓவில் இருப்பது 36. 6 அடி வாங்கினால் அடர்ந்த இடத்தில் இன்ஜின் அமுங்கி, வேகம் குறைந்து, வெட்டாமல் இழுத்துக் கிழிக்கும். பிடிஓ வேகம் கால்பங்கு குறைந்தால் பிளேடின் அடிக்கும் ஆற்றல் பாதிக்குப் பக்கமாக விழுந்துவிடும். ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி அல்லவா. ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்: பின்சக்கரங்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து, 5 அடி அதை மூடுகிறதா என்று. மூடாவிட்டால் ஒரு டயர் எப்போதும் வெட்டாத புதரை மிதித்துக்கொண்டே போகும். சக்கர இடைவெளியை உள்ளே தள்ள வழியிருந்தால் தள்ளுங்கள். ஆனால் வண்டி குறுகினால் சரிவில் நிலைப்பும் குறையும், அதையும் நினைவில் வைத்துக்கொண்டு.

---

தொழுவம் பதில்:

கலப்பைக்காரர் ஐயா சொன்னதில் திறப்பது பற்றிய பகுதி முழுக்கச் சரி. பராமரிப்பை அவர் கொஞ்சம் லேசாகத் தள்ளிவிட்டார். நிலம் ஒருமுறைதான் திறக்கும். அதன்பின் பத்து வருடம் பராமரிப்புதான்.

மேய்ச்சல் நிலத்தில் வெட்டியபின் என்ன கிடக்கிறது என்பதும் முக்கியம். ஸ்லாஷர் வெட்டியதைக் கொத்துக் கொத்தாக, ஒரு பக்கம் கோடு மாதிரி தள்ளிவிட்டுப் போகும். அந்தக் கொத்துக்கு அடியில் இருக்கும் புல் வெளிச்சமில்லாமல் மஞ்சளாகிச் சாகும். காலியான அந்தத் திட்டில்தான் களை முதலில் முளைக்கும். ஃபிளெய்ல் மோவரில் கிடைமட்ட உருளை ஒன்று, அதில் வரிசை வரிசையாகச் சுத்தியலோ ஒய் வடிவக் கத்தியோ தொங்கும். வெட்டியதை மூடிக்குள்ளேயே இரண்டு மூன்று முறை அடித்துத் தூளாக்கி, முழு அகலத்துக்கும் சமமாகப் பரப்பிவிடும். அது சீக்கிரம் மட்கும், கீழே புல் மூச்சுவிடும்.

இன்னும் இரண்டு சாதகம். பின்னால் உருளை இருப்பதால் மேடு பள்ளத்தில் நிலத்தை ஒட்டியே போகும், மேட்டைச் செதுக்காது. டிராக்டருக்கு மிக அருகில் அமர்வதால் பின்பாரத்தின் நெம்பு குறைவு, வேலி ஓரத்தில் திருப்புவதும் எளிது. கல் எறிவதும் ஸ்லாஷரைவிடக் குறைவுதான். எறியாது என்று நினைத்துவிடாதீர்கள், குறைவு, அவ்வளவே.

பாதகத்தையும் சொல்ல வேண்டும். அதே அகலத்துக்கு ஸ்லாஷரைவிட அதிக ஹெச்.பி. கேட்கும். 36 பிடிஓவில் புதர் வேலைக்கு 4 அடி, தாராளமாகப் போனால் 4½. வேகம் மணிக்கு 2, 3 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சுத்தியல் போட்டால் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலக் குச்சி. ஒய் கத்தி புல்லுக்கும் மெல்லிய களைக்கும் மட்டும். உங்கள் நிலத்தில் கம்பிவேலி விழுந்து கிடக்கிறது என்பதுதான் பெரிய இடி. உருளையில் முள்கம்பி சுற்றினால் அறுத்தெடுக்க அரை நாள் போகும். உருளையின் இரு முனையிலும் இருக்கும் பேரிங்கின் சீலுக்குள் கம்பியோ கயிறோ புகுந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய், கொஞ்ச நாளில் பேரிங் கத்தும்.

ஆகவே என் யோசனை: மூன்று ஏக்கர் புதரை வாடகைக்கு ஒரு கனரக ஸ்லாஷர் வைத்துத் திறந்துவிடுங்கள். வாங்குவது ஃபிளெய்லாக இருக்கட்டும்.

---

கிரீஸ்கன் பதில்:

எந்த மிஷின் என்ற சண்டையில் நான் நுழையவில்லை. ஒரே மிதி கிளட்ச் என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள், அதை இருவரும் தாண்டிப் போய்விட்டார்கள். ஸ்லாஷர் வாங்கினால் உயிரோடு விளையாடும் விஷயம் அது.

இந்த வகை வண்டியில் பிடிஓ, கியர்பெட்டி வழியாகத்தான் ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் இன்ஜின்தான் விடுபடும். பிடிஓவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் பல்சக்கரத் தொடர்பு அப்படியே இருக்கும். ஸ்லாஷரின் தட்டும் பிளேடும் ஒரு பெரிய கனச்சக்கரம் (ஃப்ளைவீல்). சுழன்றுகொண்டே இருக்கும் அது, பிடிஓவையும் மிஷினையும் இணைக்கும் ஷாஃப்ட் வழியாகக் கியர்பெட்டியைத் திருப்பி, வண்டியை முன்னால் தள்ளும். மிதியை முழுதாக அழுத்தியிருப்பீர்கள், வண்டி நிற்காது. வேலி, குழி, ஆள் என்று எது முன்னால் இருந்தாலும் அதன்மேல் போகும்.

மருந்து ஓவர்ரன்னிங் கிளட்ச். டிராக்டரின் பிடிஓ தண்டில் செருகும் சின்ன இணைப்பு. சைக்கிளின் பின்சக்கர ஃப்ரீவீல் மாதிரி ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும், மிஷின் வண்டியைத் திருப்பித் தள்ள விடாது. ஃபிளெய்ல் பல மாடல்களில் இது கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். வாங்குமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் அதற்கும் போடுங்கள்.

இந்த இணைப்பைப் போட்டால் பிடிஓ தண்டு சில அங்குலம் நீளும். ஷாஃப்ட்டின் நீளத்தை அதற்கப்புறம்தான் அளக்க வேண்டும். மிஷினைத் தூக்கும் லிஃப்ட்டை மெதுவாக ஏற்றி இறக்கி, இரு முனையும் மிக நெருங்கும் நிலையைக் கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் ஷாஃப்ட் தரைக்கு இணையாக வரும் இடம் அது. அந்த நிலையில், ஷாஃப்ட்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாயும் முட்டாமல் இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். மிக விலகும் நிலையில் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் குறைந்தது 15 சென்டிமீட்டராவது, முடிந்தால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, நுழைந்திருக்க வேண்டும். நீளம் அதிகமென்றால் உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்டிக் உறை, நாலையும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, கிரீஸ் பூசிச் சேர்க்கவும். அளக்காமல் மாட்டி லிஃப்ட்டை ஏற்றினால் ஷாஃப்ட் முட்டி பிடிஓ பேரிங்கையோ ஸ்லாஷர் கியர்பாக்ஸையோ உடைக்கும். புது மிஷின் வந்த முதல் நாளே நடக்கும் உடைப்பில் இதுதான் முதலிடம்.

அடுத்து, ஷியர் போல்ட்டா ஸ்லிப் கிளட்ச்சா. ஷியர் போல்ட் மலிவு, எளிது. கட்டையில் மாட்டினால் போல்ட் முறியும், வேறெதுவும் உடையாது. பத்து போல்ட் பெட்டியில் வையுங்கள். அடிக்கடி முறிகிறதே என்று கெட்டி ரகப் போல்ட்டைப் போடுகிறவர்கள் உண்டு. அப்போது முறிவது கியர்பாக்ஸ் தண்டு. புத்தகத்தில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதே தரம், அதே விட்டம்.

கல்லும் கட்டையும் நிறைந்த நிலத்தில் ஸ்லிப் கிளட்ச் வசதி: பாரம் மிஞ்சினால் அதன் தட்டுகள் வழுக்கிக் கொடுக்கும், நின்று நின்று போல்ட் மாற்ற வேண்டாம். ஆனால் சும்மா கிடந்தால் துருவேறித் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஸ்லிப் கிளட்ச் வெறும் இரும்புத் துண்டு, எதையும் காப்பாற்றாது. சீசன் தொடக்கத்தில் ஸ்பிரிங்குகளின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, நட்டுகளைச் சம அளவு தளர்த்தி, தட்டுகளின் விளிம்பில் குறுக்காக ஒரு கோடு கிழியுங்கள். மிஷினைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, பிடிஓவை இரண்டு மூன்று நொடி போட்டு நிறுத்துங்கள். கோடு விலகியிருந்தால் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கைப் பழைய நீளத்துக்கே இறுக்குங்கள். கோடு நகரவே இல்லையென்றால் பிரித்துத் துருவைத் தேய்க்க வேண்டியதுதான்.

---

பசும்புல்:

மூவருக்கும் நன்றி. கிரீஸ்கன் அண்ணே, இந்தத் தள்ளும் விஷயம் சுத்தமாகத் தெரியாது.

தொழுவம் ஐயா சொன்ன வாடகை வழி இங்கே சரிவராது. வாடகைக்குக் கிடைப்பது எல்லாம் ரோட்டவேட்டர்தான். ஆகவே 5 அடி நடுத்தர ஸ்லாஷர் பக்கம் சாய்கிறேன், அதிலும் பழையது ஒன்று கிடைக்கிறது. மூன்று சந்தேகம். பழையதில் எதைப் பார்ப்பது? முதல் வெட்டை எப்படித் தொடங்குவது? கொத்தாகக் கிடந்து புல்லைச் சாகடிக்கும் பிரச்சினையை ஸ்லாஷரை வைத்தே குறைக்க வழி உண்டா?

கட்டர் பார் பற்றி யாரும் பேசவில்லையே, அது வேண்டவே வேண்டாமா?

---

தொழுவம் பதில்:

கட்டர் பார் பற்றி முதலில். முடிவெட்டும் மிஷின் மாதிரி, முக்கோணப் பற்கள் விரல்களுக்கு நடுவே இடம் வலமாக ஓடும். மிகக் குறைந்த விசை போதும்; 7 அடி பாரைச் சின்ன டிராக்டரே இழுக்கும். தண்டை நசுக்காமல் சுத்தமாக வெட்டி அப்படியே படுக்கவைக்கும், அதனால் உலர்த்தும் தீவனப்புல்லுக்கு அருமை. உங்கள் நிலத்தில் அதற்கு மூன்று எதிரி: விரல் பருமனுக்கு மேற்பட்ட குச்சி, கல், அடியில் படிந்த பழைய புல் மெத்தை. குச்சி நடுவில் சிக்கி நிற்கும், கல் பல்லை உடைக்கும், மெத்தை விரல்களுக்குள் திணிந்து அடைக்கும். கரையான் புற்றும் அடைக்கும். மண்ணில் ஒருமுறை குத்தினால் பத்து நிமிட வேலை. இரண்டு மூன்று வருடத்தில் நிலம் சுத்தமாகி, புல்லை அறுத்து உலர்த்தும் எண்ணம் வந்தால் அப்போது யோசிக்கலாம்.

கொத்து விஷயத்துக்கு வழி இருக்கிறது. ஒரே வெட்டில் தரைவரை போகாதீர்கள். முதல் ஓட்டம் 20, 25 சென்டிமீட்டர் உயரத்தில். வெட்டியது இரண்டு மூன்று நாள் காயட்டும். இரண்டாவது ஓட்டம் முதலாவதுக்குக் குறுக்காக, 10 முதல் 12 சென்டிமீட்டரில். காய்ந்த கொத்தை இரண்டாவது ஓட்டம் உடைத்துப் பரப்பிவிடும். பனி ஈரத்தில் வெட்டவே கூடாது. ஈரப்புல் மூடியின் அடியில் ஒட்டி, வெளியேற வழியில்லாமல், கட்டி கட்டியாக விழும்.

10 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். பல மேய்ச்சல் புற்களில் மறுபடி துளிர்க்கும் கண்ணும் சேமிப்பும் அடித்தண்டில்தான் இருக்கிறது. வழித்து வெட்டினால் நல்ல புல் தளரும், களைக்கு வெளிச்சம் கிடைக்கும். பிளேடு மண்ணைச் செதுக்கினால் மழுங்குவது போதாதென்று கல்லையும் எறியும்.

புதருக்கு இன்னொரு கணக்கு. ஒரு வெட்டில் எதுவும் சாகாது. வேரிலிருந்து நாலு குருத்தாகத் திரும்பி வரும். அந்தக் குருத்து வேரின் சேமிப்பைத் தின்றுதான் வளர்கிறது. அது இலை விட்டு, சேமிப்பை நிரப்பத் தொடங்குமுன் மறுபடி வெட்டினால் வேர் இளைக்கும். பொதுவாக முழங்கால் உயரம் வந்ததும் அடுத்த வெட்டு. களைகளைப் பூக்கத் தொடங்கும்போது வெட்டுங்கள். விதை முற்றியபின் வெட்டுவது மிஷின் வைத்து விதைப்பதுதான். இடையில் ஆடு விட முடிந்தால் விடுங்கள், குருத்துத் தின்பதில் எந்த மிஷினும் ஆட்டுக்கு ஈடில்லை.

---

கலப்பைக்காரர் பதில்:

பழைய ஸ்லாஷர் பார்ப்பது எப்படி.

அடியில் குனியுமுன் அதை லிஃப்ட்டில் தொங்கவிட்டுப் பார்க்காதீர்கள். ஹைட்ராலிக் எந்த நொடியும் இறங்கும். மரக்கட்டையோ ஸ்டாண்டோ நாலு மூலையிலும் வைத்து, பிடிஓ ஷாஃப்ட்டைக் கழற்றிய பின்தான் குனிய வேண்டும்.

முதலில் கியர்பாக்ஸ். வெளியே வெல்டிங் தழும்பு இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். பக்கவாட்டு அளவு பிளக்கைத் திறந்து எண்ணெய் பாருங்கள்: பால்காப்பி நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, வெள்ளித்தூள் மின்னினால் பல் தேய்கிறது. உள்ளே எண்ணெய்க்குப் பதில் கிரீஸை அடைத்திருந்தால் கீழ் சீல் போய்விட்டது, ஒழுகலை மறைத்திருக்கிறார்கள். சீலை மாற்றலாம், ஆனால் எண்ணெய் இல்லாமல் எவ்வளவு நாள் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. மேல் தண்டைப் பிடித்து ஆட்டுங்கள், மேலும் கீழும் அசைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

அடுத்து கியர்பாக்ஸ் உட்காரும் இடத்தில் மூடியின் தகடு. நட்டு ஓட்டைகளைச் சுற்றி முடிக்கோடு மாதிரி விரிசல் ஓடும், பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். விரலால் தடவினால் தெரியும். பிளேடைப் பிடித்து அசையுங்கள்: பக்கவாட்டில் தாராளமாக ஆட வேண்டும், மேலும் கீழும் அதிகம் தொங்கக் கூடாது. தொங்கினால் போல்ட்டோ தட்டின் ஓட்டையோ முட்டை வடிவமாகியிருக்கிறது. போல்ட் மாற்றுவது சின்ன வேலை. தட்டு மாற்றுவது பெரிய செலவு. வட்டத்தட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றி, இரு பிளேடு முனையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வித்தியாசமிருந்தால் தண்டோ தட்டோ வளைந்திருக்கிறது.

முன்னும் பின்னும் சங்கிலித் திரை இருக்கிறதா? பெரும்பாலான பழைய மிஷினில் பாதி அறுந்திருக்கும். அது அலங்காரம் அல்ல. பிளேடில் பட்ட கல் நூறு மீட்டர்கூடப் போகும். கல் உள்ள நிலம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், ஆகவே சங்கிலியை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் முதல் ஓட்டம்.

பிளேடு மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்று மட்டும் புதிது என்றால் எடை மாறி மிஷின் குதிக்கும். தீட்டினாலும் இரண்டிலிருந்தும் சம அளவு தேய்க்க வேண்டும், தராசில் வைத்துப் பாருங்கள். பிளேடு போல்ட்டைச் சாதாரண ஸ்பானரில் கைபலத்தில் இறுக்கினால் போதாது. புத்தகம் சொல்லும் முறுக்கு மிகப் பெரியது, டார்க் ரெஞ்சும் நீளக் குழாயும் வேண்டும். இரண்டு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

இனி மாட்டும் அமைப்பு. ஸ்லாஷரின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போது முன்னால் வரும் பிளேடு வெட்டும், பின்னால் சுற்றி வரும்போது வெட்டியதை மறுபடி உரசாது, விசை மிச்சம். பின்பக்கம் தாழ்ந்தால் எல்லாம் இரண்டு முறை அடிபட்டுத் தூளாகும், ஆனால் இன்ஜின் திணறும். இரண்டாவது ஓட்டத்தில் கொத்து உடைய வேண்டுமென்றால் இதையே கருவியாக்கி, மிஷினை மேலே பிடிக்கும் கம்பியான டாப் லிங்க்கைச் சற்று நீட்டி மட்டமாக வைத்து ஓட்டலாம். டாப் லிங்க் விறைப்பாக இல்லாமல், ஸ்லாஷர் பக்கம் ஆடும் பட்டையிலோ சங்கிலியிலோ முடிய வேண்டும். விறைப்பாக இருந்தால் பள்ளத்தில் வண்டியின் மூக்கு இறங்கும்போது வால்சக்கரம் அந்தரத்தில் தொங்கும், மேட்டில் முன்விளிம்பு மண்ணில் குத்தும்.

முன்பாரம் பாருங்கள். மிஷினைத் தூக்கியபின் வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும். ஸ்லாஷர் நீளமாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் எடையைவிட அதன் நெம்பு அதிகம். ஸ்டீரிங் லேசாகிவிட்டதே என்று தோன்றினால் முன்பாரக் கட்டி போடுங்கள்.

---

கிரீஸ்கன் பதில்:

முதல் வெட்டு நாள்.

நடந்துபோய்ப் பார்ப்பதற்குக் குறுக்குவழி இல்லை. இரண்டு பேர், ஐந்து அடி இடைவெளியில், கையில் நீளக் கம்பு, நாலைந்து அடி மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி. பெரிய கல், குழி, கட்டை, பழைய கிணற்று வாய் என்று கண்ட இடமெல்லாம் நடுங்கள். அந்த வேலி ஓரத்தில் கம்பியைக் கையால் இழுத்துச் சுருட்டி வெளியே எடுத்தபின்தான் டிராக்டர் அந்தப் பக்கம் போக வேண்டும். ஸ்லாஷரிலும் கம்பி வில்லன்தான்: கீழ்த் தண்டைச் சுற்றி சீலை அறுக்கும், அறுந்த துண்டு அம்பு மாதிரி பறக்கும். முழுதாக எடுத்தோமா என்ற சந்தேகம் இருந்தால் அந்த ஓரத்தில் ஒரு மிஷின் அகலத்தை விட்டுவிடுங்கள்.

சாதாரணப் புல்லைத் திறந்துவிட்டு, கை பழகியபின் புதருக்குப் போங்கள். தாழ் ரேஞ்சில் முதல் அல்லது இரண்டாவது கியர். ஒரே மிதி கிளட்ச் என்பதால் வேலை நடுவில் கியர் மாற்றினால் பிளேடும் விடுபட்டு வேகம் இழக்கும், ஆகவே தேவைக்கு ஒரு கியர் குறைவாகவே தொடங்குங்கள். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும் வேகத்துக்கு இன்ஜினை ஏற்றிய பிறகுதான் புதருக்குள் நுழைய வேண்டும். பிடிஓவைப் போடும்போது மட்டும் இன்ஜின் குறைந்த வேகத்தில் இருக்கட்டும். சிக்கன பிடிஓ நிலை (குறைந்த இன்ஜின் வேகத்திலேயே 540 தருவது) இருந்தால் இந்த வேலைக்கு அது வேண்டாம். 1000 வேக பிடிஓவில் 540 மிஷினை மாட்டுவது குண்டு செய்வதற்குச் சமம்.

அடர்ந்த இடத்தில் முழு அகலம் எடுக்காதீர்கள், பாதி அகலம் போதும். மணிக்கு 2½ கிலோமீட்டர், 5 அடி அகலம், திருப்பம், ஓட்டம்மேல் ஓட்டம் ஏறுவது எல்லாம் கழித்தால் மணிக்கு முக்கால் ஏக்கர் வரும். எட்டு ஏக்கருக்குப் பத்துப் பதினோரு மணி நேரம், புதரில் பாதி அகலம் என்றால் இன்னும் கூடும். பராமரிப்பு வெட்டில் மணிக்கு 4 கிலோமீட்டர் போகலாம், ஏழு மணி நேரத்தில் முடியும்.

ஆள் உயரப் புதரில் பின்னால் ஓட்டிப் போய் ஸ்லாஷரை ஏற்றுகிறவர்கள் உண்டு. டயருக்கு முன் பிளேடு போவதால் ரேடியேட்டரும் டயரும் தப்பும். வண்டியை விலக்கி வைத்து, மூடியைச் சற்றே உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும். ஆனால் சங்கிலியைத் தாண்டி எறிபடுவது உங்களை நோக்கி வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வால்சக்கரமும் அந்த வேலைக்குச் செய்ததல்ல. நாலைந்து அடி போய் முன்னால் வந்துவிடுங்கள்.

வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும். புல்விதையும் பஞ்சும் ரேடியேட்டர் வலையை அரை மணி நேரத்தில் அடைக்கும். நிறுத்திவிட்டு, உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் குப்பை ரேடியேட்டரின் செதில்களுக்குள் திணிந்துவிடும். சைலன்சர் மேலும் இன்ஜின் இடுக்கிலும் காய்ந்த புல் சேர்ந்தால் தீ. தீயணைப்பான் ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும்.

எதற்காக இறங்கினாலும்: பிடிஓ அணைத்து, மிஷினைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, பிளேடு நின்ற சத்தம் அடங்கியபின். பிளேடு அரை நிமிடத்துக்கு மேல்கூடச் சுழலும். சுற்றிலும் நூறு மீட்டருக்குள் ஆளோ மாடோ இருக்கக் கூடாது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட் கட்டுங்கள், சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டாதீர்கள்.

ஷாஃப்ட்டின் முனைகளில் மடங்கும் மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட்டுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ். குழாய்க்குள்ளும் பூசுங்கள், அதை எல்லோரும் மறப்பார்கள். பிடிஓ ஓடும்போது மிஷினை உயரத் தூக்காதீர்கள். ஜாயின்ட் அதிகக் கோணத்தில் அடித்துக்கொண்டு கடகடவென்று சத்தம் வரும், அப்போதே இறக்குங்கள்.

---

பசும்புல்:

தெளிவாகிவிட்டது. ஓவர்ரன்னிங் கிளட்ச்சோடு 5 அடி ஸ்லாஷர். கடைசியாக ஒன்று: வெட்டியபின் எத்தனை நாளில் மாட்டை விடலாம்? புல்லில் பாதி காட்டுச் சோள இனம்.

---

தொழுவம் பதில்:

அப்படியென்றால் கவனம். சோள இனப் புல் வெட்டியபின் வரும் இளங்குருத்தில் சயனைடு நச்சு மிக அதிகம். பசியோடு மாடு அதில் இறங்கினால் நிமிடக் கணக்கில் சாகும். குருத்து முக்கால் மீட்டர் உயரும்வரை விடாதீர்கள். வறட்சியில் வாடி நின்று, மழை பெய்து திடீரென்று துளிர்த்ததும் அதே ஆபத்து. வெட்டிய கொத்தில் அரளி கலந்திருந்தால் காய்ந்தாலும் அது விஷம்தான், பொறுக்கி எடுத்து, எரிக்காமல், வெளியே புதைத்துவிடுங்கள். முதல் முறை விடும்போது வைக்கோல் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு, மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்கள்.